எல்லோரும் இறங்கும் நிறுத்தம்

"இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்றார் தரகர்.

யார் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கிற தூரம் என்று அவர் சொல்லவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாங்கள் மூன்று பேரும் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் தரகர், நடுவில் அப்பா, கடைசியில் நான். என் இடது காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பரின் இரும்புக் கம்பி ஒவ்வோர் அடிக்கும் ‘டக்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் தரகர் திரும்பினார். நான் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றுவிட்டிருந்தேன். கடையிலிருந்து காய்ந்த மிளகாய் நெடி வந்தது.

"இந்த வீடு வேண்டாம்" என்றேன்.

"வீட்டையே இன்னும் பாக்கலியேம்மா!"

"தெருவைப் பாத்துட்டேன்."

அப்பா தரகரைப் பார்த்து, ‘இவள் இப்படித்தான்’ என்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. எனக்கு வீடே கிடைக்காமல் போனால் அவருக்கு நல்லது.

போன வாரம் இதே பக்கத்தில் எனக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னேன். எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். ஊர் அம்பாசமுத்திரம். நடை பழகிய கையோடு வந்த இளம்பிள்ளைவாதக் காய்ச்சல் இடது காலின் பலத்தை எடுத்துக்கொண்டது. மற்ற எல்லாம் நன்றாகவே இருந்தன, இருக்கின்றன.

கல்லூரியைச் சுற்றி அப்போது பருத்திக் காடும் தென்னந்தோப்பும்தான். குடியிருக்க ஒன்று ராஜபாளையம் போகவேண்டும், அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் போகவேண்டும். மற்ற விரிவுரையாளர்கள் ஸ்கூட்டரிலோ சைக்கிளிலோ வந்தார்கள். எனக்கு இரண்டும் ஆகாது. ஆட்டோ ஒன்றிரண்டுதான் ஊருக்குள் தலைகாட்டியிருந்தது. குதிரைவண்டி ஏறுவதற்கு எனக்கு இரண்டு பேர் வேண்டும், இறங்குவதற்கு மூன்று பேர்.

இதைப் படிக்கும் இளையவர்கள், பக்கச் சக்கரம் வைத்த வண்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தொண்ணூறுகளில்தான் தெரியவந்தது. தெரிந்தபோது பஸ்ஸே பழகிவிட்டது.

நோயாளி அறை

வீடு கிடைக்கும்வரை மாணவியர் விடுதியில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். விடுதியில் காலியாக இருந்தது ஒரே ஓர் அறை. வாசலில் ‘நோயாளி அறை’ என்று பலகை தொங்கியது. ஓர் இரும்புக் கட்டில், ஒரு ஸ்டூல், டெட்டால் மணம்.

நான் சிறுவயதில் இப்படிப்பட்ட அறைகளில் நிறைய நாள் கிடந்திருக்கிறேன். மாவுக்கட்டுப் போட்ட காலோடு, பக்கத்துக் கட்டிலில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு கிடந்த நாட்கள் அவை. முதல் சம்பளம் வாங்கிய பெண் மறுபடியும் அந்தப் பலகைக்குக் கீழே படுத்திருப்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

ஒரு நாள் முதலாமாண்டு மாணவி ஒருத்திக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அவளைக் கொண்டுவந்து என் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து விடைத்தாள் திருத்தினேன். விடுதிக் காப்பாளர் நல்ல பெண்மணி.

"மழைக்காலம் வந்தா காய்ச்சல் பிள்ளைக வரிசையா வருவாளுக. நீங்க சீக்கிரம் ஓர் இடம் பாத்துக்கிட்டா நல்லது" என்றார்.

அப்பாவும் அதே மழைக்காலத்தைத்தான் கணக்கு வைத்திருந்தார். வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருந்தார்: "மழைக்கு முன்னால நல்ல எடமா அமைஞ்சா இரு. இல்லைன்னா எழுதிக் குடுத்துட்டு வா. நம்மூரு பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருக்கேன்."

அவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கும், பிறகு கல்லூரிக்கும் கொண்டுபோய் விட்டவர். மழையென்றால் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார். அவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. சாலையின்மேல் நம்பிக்கை இல்லை.

வெள்ளை நாயும் ரயில்வே கேட்டும்

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த வெங்கடலட்சுமி ராஜபாளையத்துக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுவாள், வெளியில் எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். சனிக்கிழமைகளில் என்னோடு வீடு பார்க்க வந்தாள்.

அவள் காட்டிய முதல் வீடு அழகானது. வாசலில் மாமரம், உள்ளே குளிர்ந்த சிமெண்டுத் தரை. பஸ் நிறுத்தமும் பக்கம்தான். கதவைத் திறந்ததும் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு வெள்ளை நாய் எழுந்து நின்றது.

"ஊருக்கோ!" என்று வீட்டுக்காரம்மா தெலுங்கில் அதட்டினார். நாய் அடங்கியது. ஆனால் என் காலிப்பர் ‘டக்’ என்றதும் மறுபடி எழுந்தது. நான் ஓர் அடி வைத்தால் அது ஓர் உறுமல் போட்டது.

"பழகிட்டா ஒண்ணும் செய்யாதுக்கா" என்றாள் வெங்கடலட்சுமி.

"பழகுற வரைக்கும்?"

 எனக்கு ஓட வராது என்பது நாய்க்குத் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொரு வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் திறந்திருந்தால் சுகமான நடை. மூடியிருந்தால் ஆட்களெல்லாம் குனிந்து கம்பிக்குக் கீழே நுழைந்து போவார்கள். என்னால் குனிந்து நுழைய முடியாது. சரக்கு ரயில் நகரும்வரை வெயிலில் நிற்கவேண்டும். அது நகரும்போது என் பஸ்ஸும் நகர்ந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்த வீடு எல்லாவற்றுக்கும் பக்கம். கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு எல்லாமே சில நிமிட நடைதான். ஆனால் காலையில் ராஜபாளையம் பக்கம் வரும் பஸ்ஸை ஒருமுறை பார்த்தேன். மம்சாபுரத்துப் பிள்ளைகளும் ஆபீஸ்காரர்களும் படிக்கட்டில் கொத்தாகத் தொங்கினார்கள். பஸ் படி என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. கம்பியைப் பிடிக்க ஓர் இடம் வேண்டும், காலைத் தூக்கிவைக்க ஓர் இடம் வேண்டும், அதற்கு எனக்குச் செத்த நேரமும் வேண்டும். மூன்றும் அங்கே கிடையாது.

அந்த வீட்டுக்காரர் கேட்ட கேள்வியையும் சொல்லவேண்டும். "துணைக்கு ஆரு இருப்பா? பொம்பளப் பிள்ளை, அதுலயும் கால் இப்படி. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நாங்கல்ல பதில் சொல்லணும்?"

அவர் கெட்டவர் இல்லை. அந்த மாதம் நான் பார்த்த எல்லா வீட்டுக்காரர்களும் இதே கேள்வியை ஏதாவது ஒரு விதத்தில் கேட்டார்கள்.

தெற்கே ஒரு வீடு

ஒரு சனிக்கிழமை காலை, வெங்கடலட்சுமியின் சித்தி வீட்டு விசேஷத்துக்காக முந்தின இரவு சேத்தூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். தேவதானத்திலிருந்து வருகிற பஸ். சேத்தூரிலேயே மூச்சுவிட இடமில்லை. எங்கள் தோளில் யாருடைய தூக்குவாளியோ இடித்துக்கொண்டே வந்தது.

ராஜபாளையத்துக்குச் சற்று முன்னால் ஒரு நூல் மில். அங்கே பஸ் நின்றது. தூக்குவாளி வைத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார், கண்டக்டர் சில்லறை எண்ணினார். பஸ் மறுபடி கிளம்பியபோது பாதி இருக்கைகள் காலி. அதே பஸ் ராஜபாளையம் ஸ்டாண்டில் மறுபடியும் நிரம்பி, எங்கள் கல்லூரி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனது.

நான் அதுவரை பஸ் எங்கே நிற்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே காலியாகிறது என்று பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு மூன்று நாள் காலையில் அங்கே போய் நின்று பார்த்தேன். தினமும் அதேதான். மில் சங்கு ஊதும், பஸ் வரும், பெண்கள் இறங்குவார்கள், பஸ் காத்திருக்கும். நான் அவசரமில்லாமல் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்லூரி வரை போகலாம்.

மில்லுக்கு எதிரே ஓட்டு வீடுகள் கொஞ்சம் இருந்தன. அதில் ஒன்று மாரியம்மாளுடையது. மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவர். நாற்பது வயதைக் கடந்தவர், கணவர் இல்லை, மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். தலைமுடியில் எப்போதும் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும். முன்னறையை வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டேன்.

"ஆரு ஆரு இருப்பீக?"

"நான் ஒருத்திதான். தனியா."

சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன்.

"நானுந்தான் தனியா இருக்கேன். தனியா இருக்கவளுக்குத் தனியா இருக்கவ வீடு குடுக்காம வேற ஆரு குடுப்பா? வாசப்படி ஒசரமா இருக்கு. கொத்தனாரக் கூப்பிட்டு நடுவுல ஒரு படி வைக்கச் சொல்லுதேன்" என்றார்.

அப்பா வந்து பார்த்தார். வீட்டைப் பார்க்கவில்லை, திசையைத்தான் பார்த்தார்.

"ஏட்டி, காலேஜு வடக்க இருக்கு. வீட்டைத் தெக்க பாத்திருக்கே. புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

நான் பஸ் கணக்கை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அந்த மில்லுக்காரன் ஒன்ன நம்பியா மில்லு நடத்துதான்?" என்று மட்டும் சொன்னார். பிறகு என் பெட்டியை உள்ளே கொண்டுவைத்தார்.

சங்கு ஊதாத காலை

ஓராண்டுக்கு மேல் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. காற்றில் பஞ்சு பறக்கும். கொடியில் காயும் சேலையில் ஒட்டும், திறந்துவைத்த புத்தகத்திலும் வந்து உட்காரும். மில்லின் இரைச்சல் தரையில் கைவைத்தால் தெரியும். இரண்டும் சீக்கிரமே பழகிவிட்டன. மாரியம்மாளும் நானும் மாலையில் சேர்ந்து சமைத்தோம். அவர் பருப்பு வைப்பார், நான் காய் நறுக்குவேன். என் கத்தியைப் பார்த்து, "தவளை அறுத்த கையின்னு நல்லாத் தெரியுது டீச்சர்" என்பார்.

பிறகு மில்லில் ஏதோ தகராறு. சம்பளம் என்றார்கள், போனஸ் என்றார்கள், மிஷின் பழசு என்றார்கள். எனக்கு முழுசாகப் புரியவில்லை. புரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு நாள் காலை சங்கு ஊதவில்லை. கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது.

முதல் சில நாள் தொழிலாளர்கள் கேட் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அதுவரை பஸ் நின்றது. வெளியூர்ப் பெண்கள் வருவதை நிறுத்தியதும் பஸ்ஸும் நிற்பதை நிறுத்திக்கொண்டது.

நான் தனியாக நின்று கையைக் காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்தார். என் காலையும் பார்த்தார். பின்னாலேயே இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. இவள் ஏறி முடிப்பதற்குள் அவன் முந்திப்போய் ஸ்டாண்டில் இருக்கிற ஆட்களை அள்ளிவிடுவான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஒரே ஒரு டிக்கெட். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அதுவும் ஒரு கணக்குதான். பஸ் போய்விட்டது.

சாயங்காலம் சிக்கல் இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருப்பவளை இறக்கிவிட்டுத்தானே ஆகவேண்டும்? காலைதான் பாடு. சிலநாள் நின்றது, பலநாள் நிற்கவில்லை. முதல் வகுப்பு தவறிப்போனது. முதல்வர் ஒருமுறை கூப்பிட்டு மென்மையாகக் கேட்டார். வெங்கடலட்சுமி தன் தெருவிலேயே ஓர் அறை இருப்பதாகச் சொன்னாள். அங்கிருந்து நிறுத்தம் தூரம், ஆனால் பஸ் நிற்கும்.

மாரியம்மாளிடம் இதைச் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"போகணும்னா போங்க டீச்சர். எனக்காகப் பாக்காதீக" என்றார்.

அந்த நாட்களில் அந்த வீட்டுக்கு வந்த வருமானம் என் வாடகை ஒன்றுதான். 

ஏற்றிவிட வந்தவர்கள்

மறுநாள் காலை நான் நிறுத்தத்தில் நின்றபோது மாரியம்மாள் பின்னாலேயே வந்து நின்றார். எண்ணெய் தடவித் தலைசீவி, மில்லுக்குப் போகும் சேலையைக் கட்டியிருந்தார். கையில் தூக்குவாளி. அந்த வரிசை வீடுகளிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் கையிலும் தூக்குவாளி.

"எங்க கிளம்பிட்டீக?" என்று கேட்டேன்.

"எங்கயுமில்ல. சும்மா நில்லுங்க" என்றார்.

பஸ் வளைவில் திரும்பியதும் அத்தனை பேரும் கையைக் காட்டினார்கள். அத்தனை டிக்கெட்டை எந்த டிரைவரும் விடமாட்டார். பஸ் நின்றது. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நான் கம்பியைப் பிடித்து ஏறினேன். வேறு யாரும் ஏறவில்லை.

கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு கேட்டார். "ஏய், ஏறுங்க! ஏறலையா?"

"நாங்க ஏறலய்யா. டீச்சர ஏத்திவிட வந்தோம்" என்றார் மாரியம்மாள்.

"ஒருத்தர ஏத்திவிட எம்புட்டுப் பேரு வருவீக?"

"மில்லப் பூட்டிட்டாக. வேற என்ன சோலி எங்களுக்கு?"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் முறைத்துவிட்டு விசிலை ஊதினார்.

அடுத்த நாளும் அப்படியே. ஏமாறக்கூடாது என்று நிற்காமல் போகவும் டிரைவர்களால் முடியவில்லை. ஏனென்றால் நடுநடுவே யாராவது ஒருத்தி நிஜமாகவே சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக ஏறிவிடுவாள். என்றைக்கு ஏறுவார்கள், என்றைக்கு ஏறமாட்டார்கள் என்று தெரியாது.

எனக்காக இவ்வளவு சிரமம் வேண்டாம் என்று மாரியம்மாளிடம் சொன்னேன்.

"சிரமம் என்ன டீச்சர்? சங்கு ஊதாட்டியும் அந்நேரத்துக்கு முழிப்பு வந்திருது. குளிச்சுச் சேலையக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள ஒக்காந்தா கிறுக்குப் பிடிக்கும் போல இருக்கு. இங்கன வந்து நின்னா செத்த நேரம் வேலைக்குப் போற மாதிரி இருக்கு" என்றார்.

அந்தத் தூக்குவாளிகளில் ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்பா வந்த நாள்

மில் மூடிய செய்தி அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. ஒரு நாள் மாலை வந்து சேர்ந்தார். பெட்டியையும் படுக்கையையும் கட்டுவதற்குக் கயிறு கொண்டுவந்திருந்தார்.

காலையில், "இன்னைக்கு லீவு போடு. சாமானைக் கட்டிருவோம்" என்றார்.

"இன்னைக்குப் பிராக்டிகல் பரீட்சை. பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும்."

"பஸ்ஸு நின்னாத்தானட்டி?"

நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் வந்தார். நிறுத்தத்தில் பெண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். வெள்ளை வேட்டியோடு ஒருவர் வந்து ஓரமாக நின்றதைப் பார்த்து, "டீச்சரோட அப்பாவா? இப்படி வாங்கய்யா, முன்னால நில்லுங்க. ஆம்பள நின்னா பஸ்ஸு இன்னும் சீக்கிரம் நிக்கும்" என்று மாரியம்மாள் இடம்விட்டார்.

அப்பா முன்னால் வந்து நின்றார். பஸ் திரும்பியது. பெண்கள் கையைக் காட்டினார்கள். அப்பாவும் காட்டினார். நான் ஏறினேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன், விசில் ஊதினார்கள். பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போனபிறகு திரும்பிப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் கையை இறக்கிவிட்டிருந்தார்கள். அப்பா மட்டும் இன்னும் கையைக் காட்டியபடி நின்றார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அவர் ஊருக்குப் போய்விட்டிருந்தார். அவர் கொண்டுவந்த கயிறு முற்றத்தில் கொடியாகக் கட்டப்பட்டிருந்தது, என் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

"சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னேன். நேரமாச்சுன்னுட்டாக. ‘அவ மீன் திம்பா, முள் எடுக்கத் தெரியாது’ன்னாக" என்றார் மாரியம்மாள்.

எனக்கு முள் எடுக்கத் தெரியும். ஆனால் அதை மாரியம்மாளிடம் சொல்லவில்லை.

இன்னொரு டிக்கெட்

மில் பல மாதங்கள் மூடியே கிடந்தது. நிறுத்தத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருத்தி தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். ஒருத்தி மகனோடு திருப்பூர் போய்விட்டாள். இன்னொருத்தி சேத்தூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போனாள். கடைசியில் மாரியம்மாள் மட்டும் தினமும் வந்து நின்றார். அதற்குள் டிரைவர்களுக்கும் பழகிவிட்டது. இரண்டே பேர் நின்றாலும் பஸ் நின்றது.

பிற்பாடு மில்லைத் திறந்தார்கள், பாதி ஆட்களோடு. நாற்பதைத் தாண்டியவர்களை எடுக்கவில்லை. மாரியம்மாள் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, வழக்கம்போல் பருப்பை அடுப்பில் வைத்தார்.  மூன்றாம் நாள் ராஜபாளையம் ஸ்டாண்டில் பஸ் மாறிச் சத்திரப்பட்டிக்குப் போய், பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலை கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் நிறுத்தத்தில் நின்றேன். அவரும் வந்து பக்கத்தில் நின்றார். தூக்குவாளியிலிருந்து புளிக்குழம்பு வாசம் வந்தது. பஸ் நின்றது. நான் ஏறினேன். அவர் கீழேயே நின்று, நான் இரண்டு காலையும் உள்ளே வைக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"யோவ், பொறு" என்றார் மாரியம்மாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார். "இன்னைக்கு நானும் ஏறுதேன்."